ஐந்தாம் மாதம் முடிவதற்குள்

ஜூலை 6, ஞாயிறு

நாளை மறுநாள் வெண்பாவுக்கு மூன்றாம் மாதம் பிறக்கிறது. எங்கள் பக்கம் தாய்வீட்டில் பிரசவித்தவள் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்புவது ஒற்றைப்படை மாதத்தில்தான். மூன்று, விட்டால் ஐந்து, விட்டால் ஏழு. நான்கிலும் ஆறிலும் போனால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"போனவங்க யாரும் இல்ல. அதான் தெரியல" என்றாள்.

பி.எஸ்.சி. கணிதம் படித்ததற்கு ஒரு பயன், இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டிருக்கிறேன். மாதம், புருஷன் வீடு இருக்கும் வால்பாறையில் மழை, தாய்வீடு இருக்கும் நாகப்பட்டினத்தில் மழை, பஞ்சாங்கம், வெண்பாவின் எடை. இங்கே மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். அங்கே ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அது விட்டதும் நம் ஐப்பசி மழை மலைக்கும் ஏறிவிடும். ஆடியில் போகக் கூடாது, மார்கழியில் போகக் கூடாது. தையில் போகலாம், ஆனால் எஸ்டேட்டில் பனி எலும்பைத் துளைக்கும். கட்டத்தில் எல்லாவற்றையும் அடித்தபிறகு மிஞ்சியது செப்டம்பர் எட்டிலிருந்து அக்டோபர் ஏழு வரை. ஐந்தாம் மாதம்.

இப்போது மூன்று கிலோ நூறு. பிறந்தபோது ஒன்று அறுநூற்றைம்பது.

போனில் என் புருஷன் நாயகத்திடம் சொன்னேன். "அதுவும் சரிதான். இங்க இன்னிக்கு மட்டும் நூத்திநாப்பது மில்லிமீட்டர்" என்றான். இரண்டு பேருக்குமே நிம்மதி மாதிரி இருந்தது.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

காலை எண்ணெய், குளியல், சாம்பிராணி, தூக்கம், பால், துணி, பால், துணி. தூளிக்கு அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கட்டினோம். அப்பா கொக்கியில் தொங்கிப் பார்த்து, "என்னையே தாங்குது, இவள தாங்காதா" என்றார்.

எட்டு மணிக்கு நாயகத்தின் போன். கோமதிநாயகம் என்று முழுப் பேர் சொல்லி அவனை அழைப்பது அவன் அப்பா மட்டும்தான், சங்கரன்கோவிலிலிருந்து. நான் கல்லூரி முதல் வருடத்திலிருந்தே நாயகம். நீ, வா, போ, கோபம் வந்தால் டா. அம்மா முன்னால் மட்டும் 'என்னங்க'.

அவன் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். ஆபீஸ் முன்னால் புல்தரையில் ஒரு தகரப் புனல் நட்டிருக்கும். காலை ஏழு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அளந்து, ரிஜிஸ்டரில் எழுதுவது அவன் வேலை. எழுதிவிட்டு எனக்குப் போன் செய்வான். ஆனால் மழையைச் சொல்வதற்கு முன் ஒரே கேள்வி: "மூச்சு சரியா இருக்கா?" பால் குடித்தாளா, தூங்கினாளா எல்லாம் அப்புறம்.

"சரியா இருக்கு. எத்தன?"

"நூத்திப்பன்னெண்டு."

எழுதிக்கொண்டேன்.

ஜூலை 28

நான்கு முறை எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு சாதம். நான் எலுமிச்சை சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மா என் இலைப்பக்கமே அதைக் கொண்டுவரவில்லை.

அப்பா பேப்பரில் மழை அளவுப் பட்டியலை ரேடியோ செய்தி மாதிரி உரக்கப் படிப்பார். "சின்னக்கல்லாறு பதிமூணு சென்டிமீட்டர். வால்பாறை ஒன்பது. என்னம்மா, ஒன் வீட்டுக்காரர் எத்தன சொன்னாரு?"

"தொண்ணூத்தாறு மில்லிமீட்டர்ப்பா."

"சரியாத்தான் அளக்குறாரு" என்றார், சம்பளம் கொடுப்பவர் மாதிரி.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதினாலாம் வாரத் தடுப்பூசி. தொடையில் இரண்டு பக்கமும் குத்தினார்கள். அவளை விட நான் அதிகம் அழுதேன் என்று நர்ஸ் சிரித்தாள். நாலு கிலோ நூறு. சாயங்காலம் லேசான சூடு, மருந்து கொடுத்ததும் இறங்கிவிட்டது.

வீடியோ காலில் காட்டினேன். நாயகம் போனை எங்கோ ஜன்னலில் சாய்த்துவிட்டு மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறான். கிட்ட வா என்றால், வெளிச்சம் இங்கேதான் இருக்கிறது என்கிறான். நடுவில் தொண்டையைக் கனைத்தான், உடனே கால் போய்விட்டது. மறுபடி வந்து, "நெட்வொர்க்" என்றான். அவன் தொண்டை கரகரக்கும்போதெல்லாம் அந்த மலையில் நெட்வொர்க் போய்விடுகிறது.

இன்றைக்கு எண்பத்தெட்டு என்றான். பேப்பரில் வால்பாறை இரண்டு சென்டிமீட்டர். எஸ்டேட், டவுனிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே. மலையில் ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் காயும். நானே பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, கூடத்தில் நான் தடுக்கி விழுகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"புரட்டாசி பொறக்குறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடணும்."

"புரட்டாசி புது வீட்டுக்குத்தான் ஆகாது. இது இவ புருஷன் வீடு" என்றார் அப்பா.

"புள்ளைக்குப் புது வீடுதான?"

"அப்ப புள்ளைய விட்டுட்டு இவள மட்டும் அனுப்புவமா?"

அம்மா அவருக்கு வைத்த காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாயகத்திடம் கேட்டேன். ரோட்டில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் விடுகிறார்களாம். எழுபத்தொன்பது மில்லிமீட்டர். "கொஞ்சம் பொறு. வெறிக்கட்டும்" என்றான்.

அவன் எங்களைப் பார்க்க வந்தது இதுவரை இரண்டு தடவை. பிறந்த ஏழாம் நாள் ஒரு தடவை. ஜூனில் பேர் வைத்தபோது ஒரு தடவை. அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றான். பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அம்மா நீட்டியபோது, கை கழுவிட்டு வர்றேன் அத்தை என்று கொல்லைப்பக்கம் போனவன் பந்தி முடிந்துதான் வந்தான். பெண் குழந்தையைத் தூக்க ஆண்களுக்குக் கூச்சம் என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

இன்று எண்பத்திரண்டு என்றான். நானும், "இங்கயும் ஒரே மழை. தெருவுல கணுக்கால் தண்ணி. கார் எடுக்க முடியாது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சும்மா வாயில் வந்தது.

மொட்டைமாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். வெயிலில் அவள் நெற்றி பளபளத்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெண்பா குப்புறக் கவிழ்ந்தாள்! மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் தாமதமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாமதமே இல்லை. கவிழ்ந்துவிட்டு, தன்னை யாரோ தள்ளிவிட்ட மாதிரி அழுதாள். அம்மா வாசற்படியில் தேங்காய் உடைத்து, கொழுக்கட்டை செய்தாள்.

நாயகத்துக்குச் சொன்னேன். "குப்புற இருந்தா மூச்சு முட்டாதா?" என்றான்.

மழை அறுபத்தெட்டாம்.

அப்பா பட்டியலைப் படித்து முடித்தபிறகு நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். மழை பெய்த ஊர்களை மட்டும்தான் போடுவார்கள். வால்பாறை இல்லை. நேற்றைய பேப்பரை எடுத்தேன். இல்லை. வெள்ளிக்கிழமைப் பேப்பரில் வடாம் காய்கிறது. வடாமை ஒதுக்கிப் பார்த்தேன்.

அச்சில் விட்டுப்போயிருக்கலாம்.

செப்டம்பர் 24, புதன்

பகல் பதினொரு மணிக்கு எஸ்டேட் ஆபீஸ் நம்பருக்கே போன் செய்தேன். அந்த நேரத்தில் நாயகம் தோட்டத்துக்குள் போயிருப்பான் என்று தெரியும். ஆபீஸ் உதவியாளர் ஞானம்மா அக்கா எடுத்தார்.

"அட, நாயகம் தம்பி வீட்டுக்காரியா! பாப்பா எப்பிடிருக்கு கண்ணு? எப்ப வர்றீங்க?"

"மழை விடணும்ல அக்கா."

"எங்க கண்ணு மழ? பத்து நாளா சுள்ளுனு வெயிலு. நான் மொளகா காயப் போட்டுருக்கேன். ஒங்க வீட்டுக்காரரத்தான் கேளு, மழ கொறயட்டும், மழ கொறயட்டும்ங்கிறாரு. எந்த மழன்னு எங்களுக்கும் தெரியல. ரெண்டு மாசமா வீட்டுச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதும் சொரண்டுறதும் திரும்ப அடிக்கிறதும்தான் வேல. பொட்டு ஈரம் இருக்கக் கூடாதாம். கிறுக்குப் புடிச்ச மாதிரி…"

சரிக்கா, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை அவன் சொன்னது எழுபத்தாறு.

அவனுக்கு நாங்கள் வேண்டாம். இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன். நாலு வருடம் பஸ் ஸ்டாண்டில் காத்துக்கிடந்து, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, கட்டிக்கொண்டவனுக்கு நாங்கள் வேண்டாம்.

செப்டம்பர் 25

எட்டு மணிப் போனை எடுக்கவில்லை. ஒன்பது தடவை அடித்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

அப்பாவுக்கு அவன் போன் செய்திருக்கிறான். "மூச்சு சரியா இருக்கான்னு கேட்டாரும்மா. இருக்குன்னேன். வச்சுட்டாரு" என்றார். அப்பா கடைக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர், ஞானம்மா அக்கா, எழுபத்தாறு. பொய்யன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அம்மா தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தத் தம்பி பொய் சொல்லுதுன்னு இவ்வளவு கோவப்படுற. ஆசுபத்திரியில நீ சொன்னது நெசமா?"

"நான் என்ன சொன்னேன்?"

"நானும் அங்கதான்டி நின்னேன்."

சரி. இந்த நோட்டில் மே மாதம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

மே 14, ஏழாம் நாள், மலையிலிருந்து பதினாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தான். தொண்டை கட்டி இருமிக்கொண்டிருந்தான். குறைமாதக் குழந்தைகள் அறைக்குள் அவனை விடவில்லை, அவனும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு நாள் பார்த்தான். ஒன்பதாம் நாள் காலை அவளுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. உடம்பு நீலமானது. உள்ளே நாலைந்து பேர் ஓடினார்கள். நான் வராந்தாவில், எல்லோர் முன்னாலும், அவனைப் பார்த்துச் சொன்னேன்: "ஒங்க இருமலயும் மலைக்குளிரையும் கொண்டாந்து எம்புள்ள மேல கொட்டிட்டிய. போயிடுங்க. எம்புள்ள பக்கத்துலயே வராதிய."

அவன் அன்று இரவே போய்விட்டான்.

அன்று சாயங்காலமே டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தொற்று எதுவும் இல்லை, ரத்தம் சுத்தமாக இருக்கிறது. மாதம் முந்திப் பிறந்தால் மூச்சு விட மறந்துபோவது உண்டு, வளர வளரச் சரியாகிவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளிலும் அப்படியே எழுதியிருந்தது. அந்தத் தாள் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நாலு மாதமாக நான் அவனிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவன் இருமல் இல்லை என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி, ஏன் மாதம் முந்திப் பிறந்தாள்? அதற்கு என்னிடம்தான் பதில் இருந்தது. மார்ச் 23. ஆபீஸ் ஜீப் அடுத்த வாரம் கிடைக்கும், பொறு என்று அவன் சொன்னான். வளைகாப்புக்கு நாளாகிவிட்டது என்று நான்தான் பஸ் ஏறினேன். நாற்பது கொண்டையூசி வளைவு. மழை இல்லை, பனி இல்லை, ரோடு காய்ந்து கிடந்தது. அன்றைக்கும் கட்டம் போட்டு, வருஷத்திலேயே நல்ல நாளாகப் பார்த்துத்தான் இறங்கினேன்.

செப்டம்பர் 27, சனி

போனை எடுத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

"மூச்சு சரியா இருக்கா?"

"இருக்கு. நாயகம், ஒண்ணு…"

"நேத்து ஏன் எடுக்கல? முந்தாநாளும் எடுக்கல. நான் கெளம்பி வந்துரலாம்னு பாத்தேன். அப்புறம்…" நிறுத்திவிட்டான். "இங்க அறுபத்துநாலு."

என்னால் முடியவில்லை. "சரி" என்று வைத்துவிட்டேன். போனில் சொல்கிற விஷயமாக இல்லை அது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஐந்து கிலோ இருநூறு. டாக்டர் அவளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "யாரு இந்த குண்டுப் பொண்ணு?" என்றார்.

எந்த மாதம் மலைக்குக் கூட்டிப்போகலாம் என்று கேட்டேன். கட்டத்தையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இதுல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? மாசம்லாம் என் பாடம் இல்லம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்திப் பால் குடு. வளைவுல ஏறும்போது வாயில பால் இருக்கட்டும், காது அடைக்காது. அவ்வளவுதான்."

கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். "ஏழாம் மாசம் பஸ்ல மலை இறங்கினேன் டாக்டர்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "எப்ப?"

"மார்ச்."

"இவ பொறந்தது மே மாசம். ஒன்றரை மாசம் கழிச்சு." பேனாவை மூடி வைத்தார். "ரோடு அவ்வளவு நாள் ஞாபகம் வச்சுக்காதும்மா. இத இத்தன நாளா வச்சுட்டிருந்தியா?"

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குடித்தேன். வழுக்கையையும் கேட்டு வாங்கித் தின்றேன். பசித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசி மாதிரியே பசித்தது.

சாயங்காலம் அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை கார் சொல்லுங்கள் என்றேன். புரட்டாசி என்று அம்மா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு பெட்டியில் வசம்பு, சாம்பிராணி, கிலுகிலுப்பை என்று அடுக்க ஆரம்பித்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு. பொள்ளாச்சி

காலை ஐந்துக்குக் கிளம்பி, மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். தஞ்சாவூரில் பால், கரூரில் பால், காங்கேயத்தில் மாற்றுத்துணி. அவள் வழியெல்லாம் தூங்கினாள். நான்தான் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பப் பார்த்தேன். "பேசாம இருடி, தூங்குற புள்ளைய" என்று அம்மா என் கையில் அடித்தாள். எங்கும் ஒரு சொட்டு மழை இல்லை.

லாட்ஜிலிருந்து அவனுக்குப் போன் செய்தேன்.

"பொள்ளாச்சில இருக்கோம். காலைல மேல வர்றோம்."

சத்தமே இல்லை.

"நாயகம்?"

"இங்க மழை, இலக்கியா."

"எத்தன?"

"முப்பத்தஞ்சு. இப்பவும் பெஞ்சிட்டுத்தான் இருக்கு."

"செம்புல மோந்து நீயே ஊத்தி அளந்தியா?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்தான்.

"ஞானம்மா அக்காகிட்டப் பேசினேன்" என்றேன்.

"அது வேற. இன்னிக்கு நெசமாவே பெய்யுது. சத்தியமா. நாளைக்கு வராதீங்க" என்றான்.

"காலைல ஆறு மணிக்கு ஏறுறோம்" என்று வைத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பொள்ளாச்சியில் ஊருக்கே வெயில்.

அக்டோபர் 6, திங்கள். எஸ்டேட்

அவன் சொன்னது உண்மை. நேற்று மட்டும்.

ஆழியாறில் வனத்துறை சோதனைச்சாவடி வரை வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. ஒன்பதாவது வளைவில் முதல் சொட்டு. பன்னிரண்டில் டிரைவர் கண்ணாடி துடைப்பானைப் போட்டார். பதினைந்தில் அது அடித்தும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு நம்பர் எழுதிய பலகையை மட்டும் நான் எண்ணிக்கொண்டு வந்தேன். வெண்பா வாயில் பால் இருந்தது. அம்மாவின் வாயில் வைத்தீஸ்வரன். அப்பா முன் சீட்டிலிருந்து, "அஞ்சு சென்டிமீட்டர் இருக்கும்" என்றார்.

இருபத்துமூன்றாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டைக் குறுக்கே மறித்திருந்தது. அறுக்கிறவர்கள் மேலேயிருந்து வர வேண்டும், இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

முக்கால் மணி நேரத்தில் மழை தூறலானது. மரத்துக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது. மழைக்கோட்டோடு இறங்கியவன் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தான். அதற்கு மேல் இருந்த கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

வெண்பாவைப் பூந்துவாலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அம்மா குடையோடு பின்னாலேயே ஓடி வந்தாள். அடிமரம் என் இடுப்பு உயரம். அவன் அந்தப் பக்கம் ஆறடி தள்ளி நின்றான்.

"கார்லயே இரு. மரத்த அறுத்ததும் வா."

"ரெண்டு மணி நேரம் ஆவுமாம். இவளுக்குத் துணி மாத்தணும். நான் மரம் ஏறி வர்றேன், இவள வாங்கிக்கங்க."

"அத்தைட்ட குடு."

"அம்மாவும் இந்தப் பக்கம்தான நிக்குது?"

"நனைஞ்சிருக்கேன்." ஒரு அடி பின்னால் போனான். "ரெண்டு நாளாத் தொண்ட சரியில்ல, இலக்கியா. வேணாம்."

இரண்டு பக்கமும் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், காய்கறி லாரிக்காரர்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவிலும் அன்றைக்கு இவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.

"அன்னிக்கு ஒங்க இருமல்னால இல்ல" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. சத்தமாகச் சொன்னேன். "மே மாசம். ஒங்க இருமல் இல்லங்க. அன்னிக்குச் சாயங்காலமே டாக்டர் சொல்லிட்டாங்க. எழுதியும் குடுத்துட்டாங்க. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அவன் மழைக்கோட்டு முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இத்தன நாளா…"

"தெரிஞ்சுதான் சொல்லல."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மாள், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தவர், பொறுமை இழந்துவிட்டார். "யோவ், புள்ளைய வாங்குயா மொதல்ல. ஒங்க பஞ்சாயத்த வீட்ல போய் வச்சுக்கங்க. மழைல நிக்க வச்சுக்கிட்டு…"

அவன் வந்தான். மழைக்கோட்டைக் கழற்றித் தரையில் போட்டான். கைகளை உள்சட்டையில் துடைத்தான், இன்னொரு தடவை துடைத்தான், நீட்டினான். மரத்துக்கு மேலாக அவளைக் கொடுத்தேன்.

முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். முகத்தைத் தோள் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தான். நான் மரத்தில் ஒரு காலைப் போட்டுவிட்டுப் பார்க்கிறேன், அவன் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது. முகம் சிவக்கிறது.

"மூச்சு விடுடா" என்றேன். அம்மா பக்கத்தில் நிற்பது சொல்லி முடித்தபிறகுதான் நினைவு வந்தது.

விட்டான். கைக்குட்டை உப்பி அடங்கியது. அவள் அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள், கையை நீட்டிப் பிடித்து இழுத்தாள். அது கழன்று கழுத்துக்கு வந்துவிட்டது. அவன் அதைத் திரும்ப ஏற்றவில்லை. இரண்டு கையிலும் அவள் இருந்தாள்.

"இவ்வளவு கனமா இருக்கா" என்றான்.

"அஞ்சு கிலோ இருநூறு."

நான் மரத்தின் மேல் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தேன். அவசரமாக இறங்க வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை.

ஜீப்பை எஸ்டேட் டிரைவர் ஓட்டினார். நாயகம் அவளைத் திருப்பித் தரவில்லை. அட்டகட்டி தாண்டியபிறகு, "அஞ்சு மாசம்டி" என்றான்.

"தெரியும்."

"ஒவ்வொரு நாளும் நெனப்பேன்…" என்று ஆரம்பித்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவன் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையைத் தட்டிவிடவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது அவனுக்கு. இருக்கட்டும். பக்கத்தில் இருக்கிறானே, வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

அம்மா அப்பா கார் மூன்று மணிக்கு வந்தது. பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "இன்னும் ஒரு நாள் இருக்கு. அஞ்சாம் மாசத்துக்குள்ள கொண்டாந்துட்டோம்."

அக்டோபர் 7, செவ்வாய்

இரவு வெண்பா இரண்டு முறை தும்மினாள். நாயகம் எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டான். தும்மல்தான், தூங்கு என்றேன். நான் தூங்கிவிட்டேன். காலை ஆறரை வரை. ஒரு முறை கூட எழுந்து மூக்கில் விரல் வைக்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

எழுந்து பார்த்தால் அவன் மல்லாந்து படுத்திருக்கிறான், நெஞ்சின் மேல் குப்புற அவள். இரண்டு பேரும் சுண்ணாம்பு வாசனையில் இருந்தார்கள். வீடே அந்த வாசனைதான். அவன் கண் திறந்திருந்தது.

"எத்தன மணிக்கு ஏறினா?"

"நாலே காலுக்கு" என்றான், உதட்டை மட்டும் அசைத்து. "ஆபீஸ் போகணும். அதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போகணும். அசைஞ்சா முழிச்சுருவாளா?"

"முழிச்சுருவா."

"நீ எடுத்துக்கயேன்."

"இரு, டீ குடிச்சுட்டு வர்றேன்."

அம்மா அடுப்பில் டீ வைத்திருந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் படியில் உட்கார்ந்தேன். வெளியே தூறல், தேயிலைச் சரிவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இஞ்சி அதிகம். நாக்கு சுட்டது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு டம்ளர் டீயை, உட்கார்ந்து, சூடாக, அடி வரைக்கும் குடித்தேன்.

உள்ளேயிருந்து கிசுகிசுப்பாக வந்தது. "இலக்கியா… முடிஞ்சுதா?"

காலி டம்ளரைப் பார்த்தேன். "இன்னும் பாதி இருக்கு" என்றேன்.